வெளியில் எடுத்த முகப்படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஸ்டூடியோ கிடையாது, பெரிய லைட்டும் கிடையாது. கையில் ஒரு கேமராவோ போனோ இருக்கிறது. எதிரில் படம் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் ஒருவர், எதையாவது பிடித்து உதவ இன்னொருவர். வெளியில் போர்ட்ரெய்ட் எடுப்பவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான். அவர்களுக்காக, படத்தில் தெரியும் கோளாறிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எடுத்த படத்தைத் திரையிலேயே பெரிதாக்கி இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மூக்கின் நிழல். அது நேராக இறங்கி மேலுதட்டைத் தொட்டால் வெளிச்சம் உச்சியிலிருந்து வருகிறது. கன்னத்தைத் தாண்டிக் காதுப்பக்கம் ஓடினால் பக்கவாட்டிலிருந்து வருகிறது. நிழலே இல்லையென்றால் சுற்றிலும் ஒரே அளவு வெளிச்சம். இரண்டாவது, கருவிழி. அதில் வெள்ளையாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கடிகாரத்தில் 10 மணியோ 2 மணியோ இருக்கும் இடத்தில் அது இருந்தால் நல்லது. புள்ளியே இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கேமராவில் எடுத்திருந்தாலும் கண்ணில் உயிர் இருக்காது.

சரிசெய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆளை நகர்த்துங்கள், அடுத்து அட்டையையோ துணியையோ கொண்டுவாருங்கள், கேமரா செட்டிங்கைக் கடைசியில் தொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தவறான இடத்தில் நிற்பவரின் முகத்தை எந்த செட்டிங்காலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. இரண்டடி நகர்ந்தால் தீர்ந்துவிடும் கோளாறுகளே அதிகம்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழி

உச்சி வெயில்தான் காரணம். புருவ எலும்பின் நிழல் கண்ணை மூடிவிடுகிறது. நம் ஊரில் இது மற்ற பல நாடுகளைவிட அதிகம். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே நிற்கும். மதுரையில் அது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடக்கும். அந்த மாதங்களில் காலை 10-லிருந்து மதியம் 2 வரை சூரியன் ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. மார்கழியில் சென்னையின் நண்பகல் வெயிலே 53 டிகிரி சாய்வில்தான் விழும். சித்திரையில் அதே சாய்வு கிடைக்க மதியம் இரண்டரை மணி ஆக வேண்டும். வெளியில் குடும்பப் படம் எடுக்கத் தேதி கேட்பவர்களுக்கு மார்கழி, தை என்று நான் சொல்வது இதனால்தான்.

சித்திரையிலேயே எடுத்தாக வேண்டுமென்றால் திண்ணையைத் தேடுங்கள். திண்ணை இல்லாத வீடுகளில் போர்ட்டிகோ, கடைவாசல், பேருந்து நிறுத்தக் கூரை எதுவும் ஆகும். மேலே கூரை, முன்னால் திறந்த வெளி, அவ்வளவுதான் தேவை. வெயில் முடிந்து நிழல் தொடங்கும் கோடு தரையில் தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஓரடி உள்ளே ஆளை நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கூரை உச்சி வெளிச்சத்தை வெட்டிவிடும், வெளித்தரையில் பட்ட வெயில் கீழ்ப்பக்கமிருந்து மெதுவாக முகத்தில் ஏறும், எதிர்வானம் கண்ணில் புள்ளி வைக்கும். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகச் சொல்லி, அவர் கண்ணை மட்டும் பாருங்கள். ஓரிடத்தில் கருவிழியின் பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்த அடியில் மங்கத் தொடங்கும். மங்குவதற்கு முந்தைய இடம்தான் உங்கள் இடம். வாசலில் சிமென்ட் தரையோ மணலோ இருந்தால் வெளிச்சம் தாராளமாக வரும், தார் ரோடு என்றால் குறைவாக வரும், செம்மண் என்றால் கொஞ்சம் சிவப்பும் சேர்ந்து வரும்.

கூரையே இல்லாத வெட்டவெளியில் நாலு முழ வேட்டி கைகொடுக்கும். ஒற்றை மடிப்பாக விரித்து, இருவர் ஆளின் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். படத்தில் தெரியாத அளவுக்கு எவ்வளவு தாழ்வாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக. முகத்துக்குப் பக்கத்தில் வர வர, நிழலின் ஓரங்கள் மென்மையாகும். கரை முகத்துக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலம் கூடிப்போன வேட்டி என்றால் அந்த நீலம் முகத்திலும் லேசாகத் தெரியும். மேலே வேட்டி வந்த பிறகு மார்பு உயரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைச் சாய்த்துப் பிடித்தால் கண்குழி திறந்துவிடும். வேட்டி இல்லாமல் தெர்மாகோலை மட்டும் கீழிருந்து காட்டுவது சரிப்படாது. மேலேயும் வெயில், கீழேயும் வெயில், நடுவில் கண் மட்டும் இருட்டாக நிற்கும்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறார்

சூரியனைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறீர்கள். திருப்பி, முதுகுக்கு வெயில் வரும்படி நிறுத்துங்கள். திருப்ப முடியாத இடம் என்றால் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணி, திறந்த அந்த நொடியில் எடுங்கள். ரிஃப்ளெக்டரின் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் அட்டை) வெள்ளிப் பக்கத்தைக் காட்டினாலும் இதே கூச்சம் வரும். அப்போது வெள்ளைப் பக்கத்துக்கு மாறுங்கள். குழந்தைகளிடம் வெள்ளிப் பக்கமே வேண்டாம்.

வானம் நன்றாக இருக்கிறது, முகம் கறுத்துவிட்டது. முகத்தைச் சரிசெய்தால் வானம் வெளுத்துவிடுகிறது

இரண்டும் ஒரே கோளாறுதான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/100 நொடி, அபெர்ச்சர் (லென்ஸ் துளை; எண் கூடினால் துளை சிறிது) எஃப் 16 என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. இன்றைக்கும் அது பொருந்தும். நிழலில் இருக்கும் முகத்துக்கு அதைவிட மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), அதாவது எட்டு மடங்கு அதிக வெளிச்சம் தேவைப்படும். எட்டு மடங்கு வித்தியாசத்தை ஒரே எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) தாங்குவது கஷ்டம். ஆகவே வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும்.

எளிய வழி பின்னணியை மாற்றுவது. நீங்கள் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று கேமராவைத் தாழ்த்தினாலோ, ஆளை இரண்டடி பக்கவாட்டில் நகர்த்தினாலோ, வானம் போய் அடர்ந்த வேப்பமரமோ வைக்கோல்போரோ பின்னால் வந்துவிடும். முதுகுக்கு வெயில் இருக்கும்போது இருண்ட பின்னணி கிடைத்தால் தலைமுடியின் ஓரத்தில் வெயில் தனியாக ஒரு கோடு போடும். வானத்தின் முன்னால் அந்தக் கோடு தெரியாது.

வானம் வேண்டும், கடல் வேண்டும் என்றால் முகத்துக்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் தெர்மாகோல் ஷீட் ஒன்று வாங்கி, ஒரு பக்கத்தில் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கிப் பிரித்து ஒட்டிவிடுங்கள். கசக்காமல் ஒட்டினால் கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் சுளீரென்று அடிக்கும். தூரத்தில் இருக்கும்போது வெள்ளிப் பக்கம், மூன்று நாலு அடிக்குள் வந்துவிட்டால் வெள்ளைப் பக்கம். பிடிப்பவர் அட்டையை மெதுவாக அசைக்கட்டும், நீங்கள் முகத்தைப் பாருங்கள். வெளிச்சம் முகத்தில் ஏறி நிற்கும் கோணம் உடனே தெரிந்துவிடும். கண் உயரத்துக்குக் கீழே போகாமல் பக்கவாட்டிலிருந்து காட்டுவது நல்லது.

ஃப்ளாஷ் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷுடன் 1/200 அல்லது 1/250-க்கு மேல் ஷட்டர் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். வெயிலில் 1/200 என்றால் அபெர்ச்சர் எஃப் 11 வரை மூட வேண்டியிருக்கும், பின்னணி மங்கலாகாது. அதைவிட வேகமான ஷட்டரிலும் வேலை செய்யும் ஹை ஸ்பீடு சிங்க் உள்ள ஃப்ளாஷோ, லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்ட்டரோ இருந்தால் இது தீரும். இரண்டும் இல்லையென்றால் தெர்மாகோலே போதும்.

போனில் எடுப்பவர்கள் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் விரலால் கொஞ்சம் கீழே இழுத்துக் குறையுங்கள். போன் தானாக வானத்தையும் முகத்தையும் சமன்செய்து தரும் படத்தில் முகம் தட்டையாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். முகத்தில் உண்மையிலேயே வெளிச்சம் இருந்தால் போன் அவ்வளவு தலையிடாது.

தோல் நிறம் சாம்பல் பூத்துப்போகிறது, அல்லது ஆளே வேறு நிறமாகத் தெரிகிறார்

இந்தக் கோளாறைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதிரில் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாநிறமானவர் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால், வெள்ளையைப் பார்த்து மீட்டர் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அதே ஆள் இருண்ட வாசலுக்கு முன்னால் நின்றால் மீட்டர் ஏற்றிவிடும், முகம் வெளுத்து, நெற்றி வியர்வை வெள்ளைத் திட்டாக நிற்கும். தானியங்கி முறையை நம்பினால் ஒரே ஆள் இரண்டு படத்தில் இரண்டு நிறமாக வருவார்.

ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை அவருடைய உள்ளங்கையில் வையுங்கள். முகத்தில் விழும் அதே வெளிச்சம் உள்ளங்கையிலும் விழும்படி கையைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். வரும் அளவைவிட ஒரு ஸ்டாப் கூட்டி மேனுவலில் பூட்டிவிடுங்கள். முகத்தின் நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக மாறாது என்பதால் இது வேலை செய்கிறது. வெளிச்சம் மாறாதவரை இனி சட்டை எந்த நிறமானாலும் முகம் மாறாது.

அடர்ந்த நிறமுள்ள முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, வெளிச்சம் வரும் பரப்பைப் பெரிதாக்குவதுதான் பலன் தரும். வெளிர் நிறத் தோலில் உருவம் நிழலால் தெரிகிறது. கறுத்த தோலில் பளபளப்பால் தெரிகிறது. சுண்ணாம்பு அடித்த பெரிய சுவரில் வெயில் படும் இடமாகப் பார்த்து, அதற்கு ஏழெட்டு அடி தள்ளி நிழலில் அவரை நிறுத்தி, முகத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் சுவரின் வெண்மை கன்ன எலும்பின் மேல் நீளமாகப் படரும், மூக்குத் தண்டில் ஒரு கோடாக இறங்கும், தாடையின் ஓரத்தைப் பிரித்துக் காட்டும். அங்கே நிறுத்துங்கள். அந்தப் பளபளப்பை பவுடர் போட்டு அழிக்கக் கூடாது. வியர்வையை மட்டும் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

போனில் முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி மோட் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், தேடி அணைத்துவிடுங்கள். வெளிர் நிறத்தையே அளவாகக் கொள்ளும் பழக்கம் பழையது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நீண்ட காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டும்தான். 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லாத் தோல் நிறங்களுக்கும் சரியாக வேலை செய்யும் கேமரா என்று தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் வெளிச்சம் நல்ல இடத்தில் நிறுத்தி, அவருடைய நிறத்திலேயே எடுத்துக் காட்டுவேன். நன்றாக வெளிச்சம் விழுந்த தன் முகத்தைப் பார்த்த பிறகு, வெளுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தியதில்லை.

முகத்தில் பச்சையோ நீலமோ சிவப்போ ஏறியிருக்கிறது

சுற்றியுள்ள பொருளின் நிறம் முகத்தில் விழுகிறது. மரத்தடியில் புல்தரை என்றால் மேலும் பச்சை, கீழும் பச்சை. நர்சரியின் பச்சை நிழல்வலைக்குக் கீழே இன்னும் மோசம். நீலத் தார்ப்பாய் முகத்தை நோயாளி மாதிரி காட்டும். கல்யாண வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா போட்டிருந்தால் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் சிவப்பு, பாதிப் பேர் மஞ்சள்.

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைத் திருகிப் பார்ப்பீர்கள், தீராது. உச்சியிலிருந்து சிவப்பும் பக்கத்திலிருந்து வானத்தின் நீலமும் ஒரே முகத்தில் விழும்போது ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கூடும். சாமியானாவின் ஓரத்துக்கு ஆளைக் கூட்டிவந்து, வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். வெளி வெளிச்சம் பலமாகும்போது துணியின் நிறம் பின்வாங்கிவிடும்.

பட்டுச்சேலையும் இதைச் செய்யும். இலைப்பச்சைப் பட்டு உடுத்திய பெண் வெயில் படும் இடத்தில் உட்கார்ந்தால், மடியில் பட்ட வெயில் தாடைக்குக் கீழே பச்சையாக ஏறும். அரக்குச் சேலை என்றால் கழுத்து சிவக்கும். நெருக்கமான படத்தில் மடி தெரியப்போவதில்லை, அதனால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிடுங்கள். நிறமும் போய்விடும், தாடைக்குக் கீழே நல்ல வெளிச்சமும் கிடைக்கும். மாம்பழ மஞ்சள் பட்டுக்கு இது தேவையில்லை, அந்த நிறம் முகத்துக்கு நன்மையே செய்கிறது.

வெறும் நீலம் மட்டும் என்றால் நீலவானத்தின் வேலை. நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் எண்; கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), நிழல் 7000-லிருந்து 8000 வரை போகும். கேமராவில் 'நிழல்' என்ற வொயிட் பேலன்ஸ் அதற்காகவே இருக்கிறது.

முகமெல்லாம் வட்ட வட்டமாக வெயில் புள்ளிகள்

புளி, வேம்பு, வாகை மாதிரி சிற்றிலை மரங்களின் அடியில் நிற்க வைத்திருக்கிறீர்கள். இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு துளையும் சூரியனின் உருவத்தைத் தரையில் வீழ்த்துகிறது, அதனால்தான் அவை வட்டமாக இருக்கின்றன. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தின்போது கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் மரத்தடிகளில் அவை வளையங்களாகவே விழுந்தன. பார்க்க அழகுதான், முகத்தில் வேண்டாம். மா, பலா, ஆல் மாதிரி அடர்ந்த மரத்துக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் படத்துக்கு வெளியே ஒரு கறுப்புக் குடையைப் பிடித்து முகத்துக்கு மட்டும் நிழல் கொடுங்கள். புள்ளிகள் பின்னணியில் இருக்கட்டும்.

படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு

சூரியன் நேராக லென்ஸுக்குள் விழுகிறது. லென்ஸுக்கு மேல் கையையோ நோட்டையோ பிடித்து, முன்கண்ணாடியில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். போன் என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்குதான் பாதிக் காரணம்.

மூக்குக் கண்ணாடியில் வானம் தெரிகிறது, அல்லது கண்ணாடியே கறுத்துவிட்டது

வானம் தெரிந்தால் கண்ணாடியின் காதுக் கம்பிகளை அரை அங்குலம் தூக்கிவிடுங்கள், கண்ணாடி முன்பக்கம் சாய்ந்து, தரையைக் காட்டத் தொடங்கும். முடியில் மறைந்துவிடுவதால் தூக்கியது படத்தில் தெரியாது. வெயிலில் கறுக்கும் கண்ணாடி வேறு பிரச்சினை. நிமிடத்துக்குள் கறுத்துவிடும், தெளியப் பல நிமிடம் ஆகும். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வரட்டும். இடம், எக்ஸ்போஷர் எல்லாம் கண்ணாடி இல்லாமலே முடிவான பிறகு, போட்டுக்கொள்ளச் சொல்லி உடனே எடுங்கள். எப்போதும் கண்ணாடி அணிபவரைக் கண்ணாடி இல்லாமல் எடுக்க வேண்டாம். வீட்டாருக்குத் தெரிந்த முகம் அதுவல்ல.

மாலையில் எடுத்தால் ஷேக் ஆகிறது, புள்ளி புள்ளியாக நுரைக்கிறது

நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. 6 டிகிரி உயரத்திலிருந்து அடிவானத்துக்கு வர சுமார் 25 நிமிடம்தான். அதற்குப் பிறகு நல்ல அந்திவெளிச்சம் இன்னொரு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஐரோப்பியர்களின் வீடியோவைப் பார்த்து ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி வராதீர்கள். சேலை மாற்றுவது, பூ வைப்பது எல்லாம் 5 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மெரினாவில் சூரியன் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால் மறையும். அதனால் மாலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஆளை நிறுத்தினால் மேற்கு வானம் முழுவதும் அவர் முகத்துக்கு எதிரில் இருக்கும். சூரியன் கட்டிடங்களுக்குப் பின்னால் போன பிறகு கிடைக்கும் அந்த வெளிச்சத்துக்கு ஈடாக எந்த ஸ்டூடியோ சாஃப்ட்பாக்ஸ் விளக்கையும் நான் சொல்ல மாட்டேன்.

ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்காதீர்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். நுரைப்பை அப்புறம் குறைக்கலாம், ஷேக்கைத் திருத்த முடியாது. தெரு எல்இடியோ டியூப்லைட்டோ மட்டும் இருந்தால் வேறு கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். படத்தில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் ஷட்டரை 1/100-இல் வையுங்கள்.

இருட்டிய பிறகு பைக் ஹெட்லைட் நல்ல துணை. நேராக முகத்தில் அடிக்காமல், வெள்ளைச் சுவரிலோ தெர்மாகோலிலோ அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுங்கள். போன் டார்ச்சும் அப்படித்தான். ஓரடியில் இருக்கும் டார்ச் இரண்டடிக்குப் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், ஆகவே பிடிப்பவர் கை ஆடக் கூடாது.

கார்த்திகை தீபத்தன்று அகல் வெளிச்சத்தில் எடுப்பவர்கள் ஒரே அகலை வைத்துத் திண்டாடுகிறார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் ஏழெட்டு அகலை நெருக்கி வைத்து, மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தாம்பாளம் தாழ்ந்தால் வெளிச்சம் கீழிருந்து அடித்து முகம் பயமுறுத்தும். தீபத்தின் நிறம் 2000 கெல்வினுக்குப் பக்கம். வொயிட் பேலன்ஸை அங்கேயே வைத்தால் தீபம் வெள்ளையாகிவிடும், 3000-இல் வைத்தால் மஞ்சள் தங்கும். அந்தி நீலம் இன்னும் வானத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முழு இருட்டில் தலைமுடியும் பின்னணியும் ஒன்றாகிவிடும். அதோடு முந்தானையை இடுப்பில் செருகி, பின்னலைப் பின்னால் போட்டபிறகே தட்டைக் கையில் கொடுங்கள். உதவிக்கு நிற்பவர் படம் முடியும்வரை அகல்களை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.